எதற்கு வந்தார்?

சத்தீஸ்கரின் பஸ்தரில் இருக்கிற சித்ரகோட் அருவிக்கு மேலே, இந்திராவதி ஆறு விழுவதற்கு முன்னால் பரந்து கிடக்கிற பாறைகளில் நின்றுகொண்டிருந்தோம். அக்டோபர் மாதம். மழை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரில் செம்மண் நிறம் இன்னும் போகவில்லை. உயரம் சுமார் 30 மீட்டர் என்று படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது சாதாரண அருவியாகத் தோன்றலாம். இதன் அழகு அகலத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்துக்கு ஆறு முழுவதும் லாடம் போல வளைந்து, ஒரே மூச்சில் கீழே இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலில், இரண்டு நாளாக என்னைக் காரில் கூட்டிக்கொண்டு சுற்றிய தம்பியிடம் ஒன்றைப் பெருமையாகச் சொன்னேன்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊர் ராஜா ஒருத்தர் இங்க வந்திருக்கார், தெரியுமா?"

அவர் துருவா பழங்குடியைச் சேர்ந்தவர். காங்கேர் காட்டோரம் ஊர். வீட்டில் துருவா, சந்தையில் ஹல்பி, என்னோடு இந்தி என்று மூன்று மொழியிலும் சரளமாகப் பேசுவார். என் ஊர் எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே கேட்டிருந்தார். அதனால் உண்மையான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்து, "அவ்வளவு தூரத்திலிருந்தா? கிஸ்லியே ஆயே தே, பையா?" என்றார். எதற்கு வந்தார்?

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. விருந்தாளியைப் பற்றி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். கல்யாணத்துக்கா, கோயிலுக்கா, வியாபாரத்துக்கா? எனக்குப் பதில் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டீ வாங்கப் போனார். ஊர் திரும்பி ஆறு மாதமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விக்கிரம வீரர்

நான் குளித்தலைக்காரன். காவிரியைப் பார்க்காமல் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் தமிழய்யா முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை, அதாவது அவன் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டுப் பாட்டை, வகுப்பில் நின்றபடி தாளம் போட்டுச் சொல்லுவார். பொருள் பாதி புரியாத வயதில் அந்த ஓசை பிடித்துப்போய் மனப்பாடம் செய்தேன். அதில் ஒரு வரி, "விக்கிரம வீரர் சக்கரக் கோட்டமும்". கங்கைப் படையெடுப்பின்போது சோழர் படை பிடித்ததாகச் சொல்லும் இடங்களில் ஒன்று. அந்தச் சக்கரக்கோட்டம் இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அன்றிலிருந்தே மனதுக்குள் ஓர் ஆசை: நம்மவர் போன இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். "அந்தக் காட்டுக்கு எதுக்குப் போறே" என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். பஸ்தர் என்றால் நம் செய்தித்தாள்களில் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தானே வருகிறது.

விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் போகிற ரயிலில் ஏறினேன். அரக்கு மலையில் குகைப்பாதை மாற்றிக் குகைப்பாதையாக அந்த ரயில் ஏறுவது பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் என் கண்ணில் நின்றது எதிரே வந்த சரக்கு ரயில்கள்தான். பெட்டிக்குப் பெட்டி கருஞ்சிவப்பு மண். பைலாடிலா மலையின் இரும்புத் தாது. அந்தத் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்காகத்தான் 1960களில் அந்தப் பாதையே போட்டார்கள். ஆள் ஏறுவதற்கு ஓர் ரயில் மேலே போனால், மலை இறங்குவதற்குப் பல ரயில்கள் கீழே வருகின்றன.

பஸ்தரின் தலைநகரான ஜக்தல்பூரில் இருக்கிற அரண்மனை எனக்கு முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மைசூர் அரண்மனையையும் தஞ்சாவூர் அரண்மனையையும் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பெரிய பழைய பங்களா. அரச குடும்பம் இன்னும் அங்கே வசிக்கிறது. வாசலுக்குப் பக்கத்திலேயே தந்தேஸ்வரி அம்மன் கோயில். ஒரு வயசான மனிதர், இடுப்பில் துண்டும் தோளில் சுரைக்குடுவையுமாக வந்தார். கோயிலைத் தாண்டி அரண்மனைப் பக்கம் போனவர், அங்கேயும் செருப்பைக் கழற்றி, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராஜாவைக் கும்பிடுகிறார் போல என்று நினைத்து, "இன்னும் இப்படி இருக்காங்களே" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் எதைத் தொட்டுக் கும்பிட்டார் என்பதை ராத்திரி தம்பிதான் சொன்னார்.

1966 மார்ச் 25ஆம் தேதி அந்த வளாகத்துக்குள் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பஸ்தரின் முன்னாள் மன்னர் பிரவீர் சந்திர பஞ்ச் தேவ் கொல்லப்பட்டார். அவரோடு செத்தவர்கள் வில்லும் அம்புமாகக் கூடியிருந்த பழங்குடி மக்கள். அரசாங்கக் கணக்கில் மொத்தம் 12 பேர். ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கை இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1961இல், அரசாங்கம் அவருடைய மன்னர் அங்கீகாரத்தை எடுத்துவிட்டு அவருடைய உடன்பிறந்த தம்பிக்குக் கொடுத்தபோது அதை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் லோஹண்டிகுடாவில் சுட்டார்கள். சித்ரகோட் போகிற வழியில் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். பெயர்ப்பலகையைப் பார்த்தேன், ஒரு வாரச்சந்தை, டீக்கடைகள். இதே வட்டாரத்தில்தான் ஒரு உருக்காலைக்கு என்று எடுத்த நிலத்தில் ஆலை வராமலே போய், 2019இல் நிலத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்தரில் பல வீடுகளில் பிரவீர் சந்திரரின் படம் சாமிப் படங்களோடு மாட்டியிருக்கிறது. அந்தப் பெரியவர் தொட்டது ராஜாவின் வாசலை அல்ல. தன் ஆட்கள் விழுந்த மண்ணை. இது தெரியாமல் நான் போட்ட கணக்கை நினைத்து அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மறுநாள்தான் அருவிக்குப் போனோம். அவ்வளவு கேட்ட பிறகும் என் வாயில் அந்தப் பெருமைப் பேச்சு வந்தது என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

பார்சூரில் ஒரு குளம்

பார்சூருக்கு அடுத்த நாள் போனோம். ஜக்தல்பூரிலிருந்து கீதம் வழியாகப் பாதை. இருபுறமும் சால் மரக்காடு, நடுநடுவே திடீரென்று விரிகிற நெல்வயல். கதிர் வாங்கி, தாள் இன்னும் பச்சையாக இருந்த நேரம். மெய்க்கீர்த்தியில் சக்கரக்கோட்டத்துக்குச் சில அடி தள்ளி "பாசடைப் பழன மாசுணி தேசமும்" என்று வரும். பச்சை இலை நிறைந்த வயல்களை உடைய மாசுணி தேசம். மாசுணம் என்றால் பாம்பு. இங்கே ஆண்டவர்கள் நாகவம்சத்தார் என்பதால் அதுவும் இந்தப் பக்கம்தான் என்று சொல்வார்கள். பள்ளியில் வெறும் ஓசையாக இருந்த அந்தச் சொற்கள் கார் கண்ணாடிக்கு வெளியே நிஜமாகவே விளைந்து நின்றன. நம் கவிஞருக்கு இந்த வயல்களைச் சொன்னவன் யார்? படையோடு வந்து திரும்பியவன் ஒருவன்தான் சொல்லியிருக்க வேண்டும். வயலின் அழகும் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. அதே வயலில்தான் அவன் படையும் இறங்கியிருக்கும்.

பார்சூர் இப்போது சின்ன ஊர். ஒரு காலத்தில் 147 கோயில், 147 குளம் இருந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். எண்ணிக்கை எப்படியோ, எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கரை தட்டுப்படுகிறது. பத்தீசா கோயிலில் 32 தூண்கள். ஒரே மண்டபத்துக்கு இரண்டு கருவறை, இரண்டிலும் சிவன். நாகவம்சத்து அரசன் சோமேஸ்வரனின் பட்டத்தரசி கங்கமகாதேவி 1208இல் கட்டியது. ஒரு சிவனுக்குக் கணவன் பெயர், மற்றதற்குத் தன் பெயரை ஒட்டி கங்காதரேஸ்வரர். இருவரும் அடுத்தடுத்து, ஒரே மண்டபத்து நிழலில், ஒரே அளவில். இத்தனை நாள் இவ்வளவு கோயில் பார்த்தும், ஓர் அரசி தன்னையும் கணவனையும் இப்படிச் சரிசமமாக உட்காரவைத்து நான் கண்டதில்லை. மழைத்தண்ணீர் சொட்டிக் கறுத்த அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரட்டைப் பிள்ளையார் இருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு மேலே ஒருவர், சற்றுச் சின்னவர் ஒருவர். மாமா பாஞ்சா கோயிலின் கோபுரமும் நல்ல வேலைப்பாடு. ஆனால் என் மனம் பத்தீசாவிலேயே நின்றுவிட்டது.

பார்சூருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இங்கே கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கல்வெட்டு ஒன்றில் சந்திராதித்தன் என்ற சிற்றரசன் வருகிறான். நாக அரசன் தாராவர்ஷனின் கீழ் இருந்தவன். இங்கே ஒரு குளம் வெட்டி, கரையில் சிவன் கோயில் கட்டினான். அவன் தன்னைக் கரிகாலன் வழிவந்தவன் என்றும் காவிரிக்கு உரியவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குச் சோழர்களான சோட வம்சங்கள் எல்லாமே அப்படிச் சொல்லிக்கொண்டவைதான். இருந்தாலும், வீட்டிலிருந்து இவ்வளவு தள்ளி, இந்திராவதிக் கரைக் காட்டில் காவிரியின் பெயர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தம்பியைக் கூப்பிட்டு, "நேத்து கேட்டீங்களே, எதுக்கு வந்தார்னு. குளம் வெட்ட வந்தார்" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது எவ்வளவு நல்ல பதில்!

சொல்லவில்லை. ஏனென்றால் அது பொய். குளம் வெட்டியவன் வேறு ஆள். இராசேந்திரன் வந்ததும் குளம் வெட்ட இல்லை. அவனுக்குப் பிறகு, பட்டத்துக்கு வருவதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்த முதலாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி இதே தாராவர்ஷனிடம் "திறைகொண் டருளி" என்று முடிக்கிறது. அருளி! கப்பம் பிடுங்கியதற்கு அந்தச் சொல். மற்றவன் வெட்டிய குளத்தைக் காட்டி நம்மவர் வாங்கிய திறையை மறைப்பது என்ன நியாயம்? வழியில் தந்தேவாடாவில் சங்கினியும் டங்கினியும் கூடுகிற இடத்தில் தந்தேஸ்வரியைத் தரிசித்தோம். அங்கே ஆண்கள் வேட்டியோடுதான் போக வேண்டும் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. முன்னால் இருக்கிற கருட தூணைப் பின்கையால் கட்டிப்பிடித்து விரல்கள் தொட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். தம்பிக்குத் தொட்டது. எனக்குத் தொடவில்லை.

நீர்

மறுநாள் காங்கேர் பள்ளத்தாக்கு. குட்டும்சர் குகையை மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். நாங்கள் போனபோது இன்னும் திறக்கவில்லை. பார்வையில்லாத மீன்கள் வாழ்கிற அந்த இருட்டைப் பார்க்க முடியாமல் போனதில் வருத்தம்தான். தீரத்கட் அருவி பாக்கியை ஈடுகட்டியது. சித்ரகோட் போல ஒரே பாய்ச்சல் கிடையாது. படிப்படியாகப் பாறையில் பால் நுரைத்து இறங்குகிறது, கீழே போய்க் காலை வைத்து உட்காரலாம்.

அங்கிருந்து தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மண்சுவர், சாணம் மெழுகிய முற்றம், ஒரு மூலையில் இலுப்பைப்பூ காயவைக்கிற கூடை. அவருடைய அம்மா தொன்னையில் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் சுரைக்குடுவையைச் சாய்த்து, என்னிடம் ஒரு சொல் சொன்னார். "நீர்". நான் சரியாகக் கேட்டேனா என்று மறுபடி கேட்டேன். "நீர்" என்றார், தண்ணீரைக் காட்டி. துருவா திராவிட மொழி என்று தெரியும்; பர்ஜி என்ற பெயரில் மொழியியல் நூல்களில் வருகிறது. தெரிந்துவைத்திருப்பது வேறு, தாகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு தாய் அந்தச் சொல்லோடு தண்ணீர் கொடுப்பது வேறு. கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "கண்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில்தான் நேதானார். 1910இல் பூம்கால் என்ற கலகத்தை நடத்திய குண்டா தூர் பிறந்த ஊர். 1905இல் வெள்ளைக்கார அரசு பஸ்தர் காட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்குக் காடாக்கப் பார்த்தது. காட்டெரிப்பு விவசாயம், வேட்டை, விறகு, தேன் எதற்கும் தடை. மாவிலைக் கொத்து, மிளகாய், ஒரு கட்டி மண், அம்பு இவை ஊர் ஊராகக் கைமாறின. கலகத்துக்கான அழைப்பு அது. அடக்கப் படைக்கு மாதக்கணக்கில் ஆனது. குண்டா தூர் கடைசிவரை பிடிபடவில்லை. தம்பி இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். எங்கள் தமிழய்யா மெய்க்கீர்த்தி சொல்லும்போதும் இப்படித்தான் நிமிர்ந்து நிற்பார். ஆனால் ஒருவர் பெருமை கொள்வது பிடித்த ஊர்களின் பட்டியலில். மற்றவர் பெருமை கொள்வது பிடிபடாமல் போன ஒரு மனிதனில்.

தேரைக் கொண்டுபோனவர்கள்

பஸ்தர் தசராவில் ராவணன் கிடையாது, ராமனும் கிடையாது. 75 நாள் நடக்கிற தந்தேஸ்வரி விழா அது. ஹரேலி அமாவாசையன்று காட்டிலிருந்து முதல் மரத்துண்டு வருவதில் தொடங்கும். தேர் செய்வதற்கு ஒரு ஊர், இழுப்பதற்கு ஒரு ஊர், கயிறு திரிப்பதற்கு ஒரு ஊர் என்று முறை வைத்திருக்கிறார்கள். விழா தொடங்க மிர்கான் சமூகத்துச் சிறுமி ஒருத்தி அனுமதி தர வேண்டும். சாமி வந்த அந்தக் குழந்தையை முள் ஊஞ்சலில் கிடத்தியிருப்பார்கள். அரச குடும்பத்து வாரிசு முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். அவள் பூ கொடுத்தால்தான் தசரா. ஒரு ஹல்பா இளைஞர் விழா குறையில்லாமல் நடக்க ஒன்பது நாள் ஒரு குழிக்குள்ளேயே விரதம் உட்கார்ந்திருக்கிறார்.

விஜயதசமி ராத்திரி நான் கூட்டத்தில் நின்றேன். எட்டுச் சக்கரத் தேர், சால் மரத்தில் செய்தது, மேலே தந்தேஸ்வரியின் குடை. கிலேபால் பக்கத்து மாடியா பழங்குடி மக்கள் தோள் தோளாகக் கயிற்றைப் பிடித்து அரண்மனையைச் சுற்றிவந்தார்கள். சக்கரம் திரும்பும்போது கிளம்புகிற முனகல் நெஞ்சுக்குள் கேட்டது. அப்புறம் ஆள் அடங்கிய வேளையில் தேரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வருடா வருடம் நடப்பதுதான். ஊர் எல்லையில் கும்ஹடாகோட் காட்டுக்குத் தேர் போய்விடும். மறுநாள் ராஜா அங்கே தேடிக்கொண்டு போக வேண்டும். போய், அந்த மக்களோடு தரையில் உட்கார்ந்து புது நெல் அரிசிச் சோறு சாப்பிட வேண்டும். சாப்பிட்டால்தான் தேர் திரும்பும்.

மறுநாள் கும்ஹடாகோட்டில் தள்ளி நின்று அதைப் பார்த்தேன். என்னைப் புரட்டிப் போட்டது அந்த இடம்தான். பஸ்தர் ராஜ வம்சமும் வெளியிலிருந்து வந்ததுதான். 14ஆம் நூற்றாண்டில் வாரங்கல் வீழ்ந்தபோது காகதீயர் குடும்பத்து அன்னமதேவன் தந்தேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. அவனிடமும் இந்த மக்கள் எதற்கு வந்தாய் என்று கேட்டிருப்பார்கள். அறுநூறு வருடத்துக்கு மேலாகியும் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு சிறுமியிடம் போய்க் கேள், காட்டில் வந்து எங்களோடு சாப்பிடு, பிறகு ராஜாவாக இரு என்று வருடத்துக்கு ஒரு முறை அவன் வழிவந்தவர்களை வரவைக்கிறார்கள். முதல் நாள் எனக்குச் சின்னதாகத் தெரிந்த அந்த அரண்மனையை அங்கிருந்து திரும்பி வரும்போது மறுபடி பார்த்தேன். மைசூரோடு ஒப்பிட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

கும்ஹடாகோட்டில் யாரோ ஒரு இலையில் எனக்கும் ஒரு கைப்பிடிச் சோறு வைத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். நான் யார், எதற்கு வந்தேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் மெய்க்கீர்த்தியை எடுத்து மறுபடி படித்தேன். "விக்கிரம வீரர் சக்கரக் கோட்டமும்". நாற்பது வருடமாக அந்த வீரர்களை நம் படை என்றே மனதில் வைத்திருந்திருக்கிறேன். பொருள் அப்படியில்லை. வீரம் மிக்கவர்களின் சக்கரக்கோட்டம். ஊரைக் காக்க நின்றவர்களைத்தான் சொல்கிறது. வென்றவனின் புகழைக் கூட்டத்தான் தோற்றவனை வீரன் என்றார்கள் என்பதும் தெரிகிறது. ஆனாலும் அந்த இரண்டு சொல் அவர்களுடையது. இந்த வரியை இப்போது சொல்லும்போது முதல் பாதியில் குரல் உயர்கிறது, பின்பாதியில் உயர்வதில்லை.

தம்பி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஆற்றின் படம் அனுப்புவார். போன வாரம் வந்த படத்துக்குக் கீழே, நீண்ட நாள் பாக்கி இருந்த பதிலை எழுத உட்கார்ந்தேன். சந்திராதித்தன், கரிகாலன், குளம் என்று ஒரு பத்தி எழுதினேன். அதை அழித்தேன். கடைசியில் இந்தியில் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: "அன்றைக்குக் கேட்டீர்களே, எங்க ராஜா எதற்கு வந்தார் என்று. படையோடு வந்தார். உங்கள் ஊரைப் பிடிக்க."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "சரி பையா. ஆற்றில் தண்ணீர் இறங்கிடுச்சு, அருவிக்குக் கீழே படகு விடுறாங்க. அடுத்த தடவை வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அம்மா கேட்டாங்க."